மூன்று முறை திறந்து காட்ட வேண்டும்

பரிசாகக் கொடுக்க எதை வாங்கினாலும், விற்பவரிடம் நான் முதலில் கேட்பது விலையை அல்ல. "இதை எப்படித் திறக்கணும், ஒரு தடவை காட்டுங்க" என்பேன். பேனாப் பெட்டியோ, ஜிப் வைத்த பையோ, மூடி போட்ட கூடையோ, என் கையால் திறந்து மூடிப் பார்த்த பிறகுதான் பணப்பையை எடுப்பேன். என் பெண்கள் இருவருக்கும் இது வேடிக்கை. இளையவள் முழுதாகச் சிரிப்பாள். பெரியவள் பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள். இந்தப் பழக்கம் என்னோடு ஒட்டிக்கொண்ட டிசம்பரில் பெரியவளுக்கு ஏழு வயது, இளையவளுக்கு ஒன்றரை.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. திண்டுக்கல்லில் நாகல்நகர்ப் பக்கம் ஒரு சந்தில், வரிசையாகக் கட்டிய ஐந்து வீடுகளில் மூன்றாவதில் குடியிருந்தோம். முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்படி, அவ்வளவுதான் வீடு. என் கணவர் ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டி ஒன்றில் கணக்கு எழுதினார். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தேன். அரையாண்டு விடுமுறைக்குப் பெரியவள் வீட்டில் இருப்பாள் என்பதால், கிறிஸ்துமஸ் வாரத்துக்கு மொத்தமாக விடுப்பு சொல்லியிருந்தேன்.

எங்கள் பங்குக் கோவில் மைதானத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஐந்து நாள் ஒரு சந்தை நடக்கும். சந்தை என்று சொன்னாலும் காய்கறி, துணி எதுவும் அங்கே கிடையாது. உள்ளூர்க்காரர்கள் தங்கள் கையால் செய்ததை மட்டுமே விற்கலாம் என்பது ஏற்பாடு. பழைய பொருளை வைத்துப் புதிதாக எதையாவது செய்து கொண்டுவந்தால் கடைக்கு வாடகை கிடையாது. இந்த ஒரு சலுகைக்காகவே ஊரில் பலருக்கு மூளை வேலை செய்தது. மருத்துவமனையில் கழித்துப் போட்ட எக்ஸ்ரே படங்களைக் கழுவி, சாயம் ஏற்றி, வெட்டி நட்சத்திரம் செய்வார் ஒருவர். உள்ளே பல்பைப் போட்டால் சிவப்பு நட்சத்திரத்துக்குள் யாருடைய விலா எலும்போ மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்து வாங்காமல் போகிறவர்களும் உண்டு, அதற்காகவே வாங்குகிறவர்களும் உண்டு. தோல் பதனிடும் ஷாப்பில் கழிந்த துண்டுகளை ஒட்டுப் போட்டு மணிபர்ஸ் தைத்து வருவார் இன்னொருவர். மழை பெய்தால் அந்தக் கடையை நாற்றத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். சின்னாளபட்டியிலிருந்து ஒரு பெண் சுங்குடிச் சேலையின் வெட்டுத் துண்டுகளில் பொம்மை தைத்துக் கொண்டுவருவார். பொம்மைகளின் முகம் எல்லாம் ஒன்றுபோல இருக்கும், உடம்பில் இருக்கும் புள்ளிகள் மட்டும் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. நாங்கள் கிறிஸ்துமஸுக்கு யார் யாருக்குப் பரிசு கொடுக்க வேண்டுமோ அத்தனையையும் அங்கேதான் வாங்குவோம். இந்துக் குடும்பங்களும் பொங்கலுக்குக் கொடுக்க என்று அப்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

அந்தப் பொம்மைக் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு பூட்டுக் கடை இருந்தது. நடத்தியவர் என் வயதுப் பெண். வீட்டிலிருந்தபடியே பட்டறைகளுக்குப் பூட்டின் உள்பாகங்களை அரம் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். சந்தைக்காக மட்டும், பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போன பூட்டுகளை வாங்கிவந்து பிரிப்பார். ஒன்றின் உடம்பு, இன்னொன்றின் வளையம், பழைய பித்தளைத் தட்டிலிருந்து வெட்டிய நாக்கு என்று சேர்த்துப் புதுப் பூட்டாக்குவார். பால்பவுடர் டப்பாவில் துவாரம் வெட்டி உண்டியலாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு தொங்கவிட்டிருப்பார். எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. வாங்க வரும் பெண்கள் எல்லாரும் அவருக்கு மதினிதான். மதினி என்று கூப்பிட்டுவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம் அல்லவா.

பெரியவள் ஓர் உண்டியலை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அதிலிருந்த பூட்டு வித்தியாசமானது. சாவி இல்லாமலே வளையத்தை அமுக்கினால் பூட்டிக்கொள்ளும். திறக்கத்தான் வித்தை வேண்டும். பின்பக்கம் ஐந்து இதழ் வைத்த பித்தளைப் பூ ஒன்று இருந்தது. சாவியை முக்கால் சுற்று சுற்றி நிறுத்தி, பூவின் நடுவில் இருக்கும் குமிழைக் கட்டைவிரலால் மேலே தள்ளி, அப்படியே பிடித்துக்கொண்டு மீதிக் கால் சுற்றைச் சுற்ற வேண்டும். முதலிலேயே முழுச் சுற்று சுற்றிவிட்டால் குமிழ் அசையாது. சாவியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி தொடங்க வேண்டும்.

"இத வாங்குறவுக மூணு வாட்டி திறந்து காட்டணும், மதினி. அப்பத்தான் சாவி கை மாறும்" என்றார்.

நான் திறந்தேன். முதல் முறை வரவில்லை. பிறகு மூன்று முறை சரியாக வந்தது.

"சரி, நீங்க தேறிட்டீக. யாருக்கு வாங்குறீக?"

"இவளுக்குத்தான்."

"அப்ப நீ வா பாப்பா. நீ திற பாப்போம்."

"அவளுக்கு வேண்டாம். சாவி எங்கிட்டதான் இருக்கும்."

"பூட்டு அவளுக்கு, சாவி உங்களுக்கா? நல்லாருக்கு மதினி. கல்யாணம் கட்டிக் குடுத்த பொறவாச்சும் குடுப்பீகளா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியவள் மூன்று வயதில் ஒரு நாணயத்தை விழுங்கி, அது வெளியே வருவதற்குள் நான் இரண்டு நாள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது அதே வேலையைச் செய்யத் தயாராக இடுப்பில் இன்னொருத்தி இருந்தாள். காசு இருக்கும் டப்பாவைப் பிள்ளைகள் திறக்கக் கூடாது என்பதற்காகத்தான் பூட்டு வைத்த உண்டியலையே வாங்கினேன். இதையெல்லாம் கடைக்காரரிடம் விளக்கவில்லை. "சின்னப் பிள்ளைங்க, நான் பாத்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

"தாய்க்கு இம்புட்டுப் பயம் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே சாவியைக் கொடுத்தார். உண்டியலைத் தாளில் சுற்றித் தரட்டும் என்று பெரியவளை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, நான் நாத்தனார் பிள்ளைக்குப் பொம்மை பார்க்க இரண்டு கடை தள்ளிப் போனேன். போகும்போது சாவியைக் கடைப் பலகையிலேயே வைத்துவிட்டேன். திரும்பி வந்தபோது அதை மறக்காமல் கேட்டு வாங்கி, தாலிச் சங்கிலியில் இருந்த ஊக்கில் கோர்த்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் அன்றுதான் முதல் காசு போட வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தேன். அதுவரை பெரியவள் பூட்டை அமுக்காமல், திறந்தபடியே டப்பாவில் தொங்கவிட்டிருந்தாள். ஒரு நாளைக்குப் பத்து முறை அதைத் துடைத்தாள்.

இரண்டு நாள் கழித்து, காலை பதினொரு மணி இருக்கும். சந்துமுனைக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று குரல் கேட்டது. அப்போதெல்லாம் திண்டுக்கல்லில் தண்ணீர் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வாரமும் ஆகும், பத்து நாளும் ஆகும். வந்தால் போட்டது போட்டபடி ஓட வேண்டும். இளையவள் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் திரி ஸ்டவ் தரையில்தான் இருக்கும், அதில் பால் வைத்திருந்தேன். பொங்குவதற்கு நேரம் இருந்தது. இரண்டு குடம் பிடித்துக்கொண்டு ஓடி வந்துவிடலாம் என்று நினைத்தேன். நாணயத்துக்கும் நாய்க்கும் படிக்கட்டுக்கும் பயந்தவள், எரியும் ஸ்டவ்வையும் தூங்கும் பிள்ளையையும் ஒரே வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். இதற்கு நான் எந்தக் காரணமும் சொன்னதில்லை. குழாயில் தண்ணீர் வந்திருந்தது, அவ்வளவுதான்.

வரிசையில் இன்னொரு குடத்துக்கு இடம் பிடிக்கப் பெரியவளும் வேண்டியிருந்தது. "கதவப் பத்திரமா சாத்திட்டு வா. ஆடு கீடு நுழைஞ்சிரப் போகுது" என்று சொல்லிவிட்டு முன்னால் ஓடினேன்.

அவள் குடத்தோடு வந்து என் பக்கத்தில் நின்றாள். முகத்தில் அப்படியொரு பெருமை. இரண்டு குடமும் நிறைந்து நான் ஒன்றை இடுப்பில் ஏற்றும்போதுதான் சொன்னாள்.

"அம்மா, பத்திரமா பூட்டிட்டு வந்துட்டேன். என் பூட்டப் போட்டு."

எனக்கு உடனே பதற்றம் வரவில்லை. சாவி என் கழுத்தில்தான் இருந்தது. ஒரு குடத்தோடு வேகமாக நடந்தேன். வாசலுக்கு வந்து குடத்தை இறக்கி, ஊக்கிலிருந்து சாவியைக் கழற்றியபோது உள்ளே தூளிக் கயிறு கிறீச்சிட்டது. ஜன்னலுக்கு ஓடிப்போய்க் கம்பி வழியாகப் பார்த்தேன். தூளி காலியாக ஆடிக்கொண்டிருந்தது. தானாக இறங்க அவள் கற்றுக்கொண்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. கண்ணைக் கசக்கியபடி அடுப்படி நிலையருகே நின்றாள். அவளுக்குப் பின்னால், தரையில், ஸ்டவ்வின் நீலச் சுடர் தெரிந்தது.

கம்பியில் முகத்தை ஒட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கையைத் தட்டினேன். "இங்க பாரு, அம்மா இங்க இருக்கேன், வா, வா" என்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள், யோசித்தாள், தளர்நடையாக வந்தாள். கம்பிக்குள் கையை விட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வீட்டில் தையல் வேலை செய்யும் பெண் என் சத்தம் கேட்டு வந்தாள். எதிர்வீட்டுக்காரரும் வந்தார். அவர் ஒரு பூட்டுப் பட்டறையில் வேலை பார்ப்பவர். சாவியை அவரிடம் நீட்டினேன்.

"பதறாத தங்கச்சி. நம்ம ஊருப் பூட்டு, நம்ம கைக்குத் திறக்காமப் போயிருமா" என்றார்.

சாவி சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு மறுபடி சுற்றும் சத்தம்.

"என்ன தங்கச்சி இது, சாவி பாட்டுக்குச் சுத்துது, உள்ள ஒண்ணும் அசையக் காணோம்."

"பின்னாடி பூ இருக்குண்ணே. அதத் தள்ளணும்."

"எந்த இதழ? அஞ்சு இருக்கு."

"நடுவுல, நடுவுல குமிழ். மேல தள்ளுங்க."

"தள்ளியாச்சு. வரல."

முக்கால் சுற்றில் நிறுத்த வேண்டும் என்பது என் வாயில் வரவில்லை. கைக்குத் தெரிந்திருந்தது, நாக்குக்குத் தெரியவில்லை. பூ, பூ என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"இவரு பட்டறையில பூட்டுக்கு மெருகு மட்டும்தான் போடுவாரு, அக்கா. திறக்கச் சொன்னா எங்க போவாரு" என்றாள் தையல்காரப் பெண்.

"நீ ஊசியில நூலக் கோரு. பூட்டப் பத்தி எனக்குச் சொல்லாத."

இவர்கள் சண்டைக்கு நடுவில், கதவருகே நின்ற பெரியவள் கேட்டாள்: "அம்மா, நான் திறக்கவா?"

"நீ தொடாத. தள்ளிப் போ."

உள்ளே பால் பொங்கி ஸ்டவ்வில் வழியும் சத்தம் கேட்டது. தீய்ந்த வாடை வந்தது. சுடர் மஞ்சளாகி ஒரு முறை எழும்பியது. பாத்திரம் இறக்க வைத்திருந்த துணி ஸ்டவ்வின் பக்கத்திலேயே கிடந்ததை அப்போதுதான் பார்த்தேன். அதன் ஓரம் கருக ஆரம்பித்திருந்தது. அடுப்படி நிலையின் மேல்பக்கமாகப் புகை முன்னறைக்குள் நீண்டது. சின்னவள் சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். அவளுக்கு அது வேடிக்கை. போய்ப் பார்க்க வேண்டும் என்று கையை இழுத்தாள்.

தையல்காரப் பெண் என் பக்கம் வந்தாள்.

"அக்கா, கைய விடுங்க. நான் பிள்ளையப் பிடிச்சுக்கிறேன். நீங்க போயித் திறங்க."

"மாட்டேன்."

"நீங்க ஒருத்தர்தான அக்கா திறக்கத் தெரிஞ்சவுக."

"விட்டா ஓடிருவா."

"நான் விட மாட்டேன்க்கா. என் பிள்ளையா இருந்தா விடுவேனா?"

"மாட்டேன்னு சொல்றேன்ல."

ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவில் நான்கு எட்டு இருக்கும். அந்த நான்கு எட்டை நான் நடக்கவில்லை. அவள் நம்பிக்கையான பெண். அவள் மடியில்தான் என் பிள்ளை பாதி நாள் வளர்ந்தது. அவள் பிடித்துக்கொண்டால் பிடித்துக்கொண்டதுதான் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் விரல்கள் பிரியவில்லை. இத்தனை வருடத்தில் நான் அதிகமாக யோசித்தது ஸ்டவ்வைப் பற்றியல்ல, பூட்டைப் பற்றியும் அல்ல. அந்த "மாட்டேன்" பற்றித்தான்.

"அம்மா, மாமா முழுசா சுத்துறாரு. அப்படிச் சுத்தக் கூடாது" என்றாள் பெரியவள்.

"வாய மூடுறியா நீ?"

எதிர்வீட்டுக்காரர் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு, கடப்பாரை எடுத்து வருகிறேன் என்று ஓடினார். "நம்மூருப் பூட்ட நாமளே உடைக்கிற மாதிரி ஆயிருச்சே" என்று அந்த நேரத்திலும் முணுமுணுத்துக்கொண்டே போனார். சின்னவள் இருமினாள். கை வியர்த்து வழுக்கியது. நான் இன்னும் இறுக்கினேன். அவள் குனிந்து என் விரலைக் கடித்தாள்.

மூன்றாவது முறை பெரியவள் என்னைக் கேட்கவில்லை. நிலைப்படியில் ஏறி நின்று, சாவியைப் பழைய இடத்துக்குத் திருப்பினாள். முக்கால் சுற்று. கட்டைவிரல். கால் சுற்று. நான் ஜன்னலோடு ஒட்டி நின்றதால் இதைப் பார்க்கவில்லை. டக் என்று ஒரு சத்தம்தான் கேட்டது.

தையல்காரப் பெண் என் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி, துணியின் மேலும் ஸ்டவ்வின் மேலும் முழுக் குடத்தையும் கவிழ்த்தாள். பத்து நாள் காத்திருந்து பிடித்த தண்ணீர். அடுப்படியே ஆவியும் சாம்பலுமாக ஆனது. பிறகு வந்து சின்னவளைத் தூக்கினாள். தூக்கியவள் அங்கேயே நின்றாள்.

"அக்கா, விடுங்க. பிள்ளைக் கை கம்பியில மாட்டிக்கிட்டு இருக்கு."

கதவு திறந்துவிட்டது. தீ அணைந்துவிட்டது. பிள்ளை இன்னொருத்தியின் இடுப்பில் பத்திரமாக இருந்தது. நான் மட்டும் வெளியே நின்று கம்பி வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தையல்காரப் பெண்தான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

தீயால் சின்னவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. புகையால் கொஞ்சம் இருமினாள், அதுவும் மதியத்துக்குள் நின்றுவிட்டது. மணிக்கட்டில் மட்டும் நான்கு விரல் தடம் சிவந்து, சாயங்காலம் நீலமாகக் கன்றியது. அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் பட்ட ஒரே காயம் என் கையால் பட்டது.

பெரியவளை அடித்தேன். திறந்ததற்காக அல்ல, பூட்டியதற்காக. பத்திரமாகச் சாத்திவிட்டு வா என்று நான் சொன்னதை என்னைவிட நன்றாகச் செய்த பிள்ளையை, வாசலில் எல்லாரும் பார்க்க அடித்தேன். அவள் அழவில்லை. அடி முடிந்ததும் பூட்டையும் சாவியையும் என் கையில் கொடுத்தாள். கடப்பாரையோடு வந்த எதிர்வீட்டுக்காரர் பூட்டை என்னிடமிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரு செஞ்சதுன்னு தெரியல தங்கச்சி, கை தேர்ந்த கை" என்றார். கணவர் ராத்திரி வந்து எல்லாம் கேட்டுவிட்டு, "அதைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துரு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் சந்தையின் கடைசி நாள். இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போனேன். பெரியவள் உண்டியலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பூட்டுக்காரப் பெண் மிச்சம் இருந்த உண்டியல்களைச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தார். பூட்டைப் பலகையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். கோபமாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் பழகிக்கொண்டு வந்தேன். சொல்லும்போது கோபம் வரவில்லை, சின்னவளின் கையைத்தான் நீட்டிக் காட்டினேன்.

அவர் கேலி எதுவும் பேசவில்லை. சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். சின்னவளின் கையைப் பிடித்து மணிக்கட்டைப் பார்த்தார்.

"கதவுல கொண்டுபோயி மாட்டுவான்னு நான் நெனைக்கல மதினி. டப்பாவுக்குன்னுதான் செஞ்சேன்" என்றார். பிறகு, "யாரு திறந்தா?" என்று கேட்டார். கடைசியில் யார் திறந்தது என்பதை நான் சொல்லாமல் விட்டிருந்தேன்.

"பெரியவ."

"எத்தன வாட்டியில?"

"ஒரே தடவையில."

பெரியவளும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் எனக்குப் பங்கு இல்லை என்பது தெரிந்தது.

"கோவிச்சுக்கிறாதீக மதினி. அன்னைக்கு நீங்க பொம்மைக் கடைக்குப் போனீகல்ல, சாவிய இங்கன வச்சிட்டு. செத்த நேரந்தான். அதுக்குள்ள இவ மூணு வாட்டி திறந்து காட்டிட்டா. அம்மாகிட்ட சொல்லாதன்னு நாந்தான் சொன்னேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வாங்கியிருப்பீகளா?"

வாங்கியிருக்க மாட்டேன். வாங்காமல் இருந்தால் கதவில் பூட்டும் விழுந்திருக்காது. வாங்கி, அவள் கற்றுக்கொள்ளாமலும் இருந்திருந்தால் கடப்பாரை வரும்வரை காத்திருந்திருக்க வேண்டும். எந்தப் பக்கம் கணக்குப் போட்டாலும் முடிவில் பழிக்கு நான்தான் நின்றேன்.

பூட்டைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று அவரே சொன்னார். பெரியவள் உண்டியலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "வேண்டாம், இருக்கட்டும்" என்றேன். அந்த இடத்திலேயே சாவியை அவளிடம் கொடுத்துவிட்டேன் என்று எழுத எனக்கு ஆசை. கொடுக்கவில்லை. மறுபடி ஊக்கில் கோர்த்துக்கொண்டேன். அவளுக்குக் கொடுத்தது அடுத்த கிறிஸ்துமஸுக்கு. ஒரு வருடம் பிடித்தது எனக்கு.

அதன் பிறகு அந்தப் பெண் சந்தைக்குக் கொண்டுவந்த உண்டியல் பூட்டு எதுவும் வெறுமனே அமுக்கினால் பூட்டாது. பூட்டவும் சாவி வேண்டும். யாராவது ஏன் என்று கேட்டால், "ஒரு மதினிக்காக மாத்துனேன்" என்பார். நான் பக்கத்தில் நின்றாலும் எந்த மதினி என்று சொல்ல மாட்டார்.

ஏழெட்டு வருடம் போனது. நாங்கள் வீடு மாறிவிட்டோம். புது வீட்டில் எரிவாயு அடுப்பு, அதுவும் மேடை மேல். சந்தையும் மாறியிருந்தது. பாதிக் கடைகளை மகளிர் குழுக்கள் எடுத்துக்கொண்டன. எக்ஸ்ரே நட்சத்திரக்காரர் இப்போது பழைய கணினிகளின் சர்க்யூட் தகடுகளை வெட்டி நட்சத்திரம் செய்தார். விலா எலும்பு போய் உள்ளே பச்சைக் கோடுகள் தெரிந்தன. பூட்டுக்காரப் பெண்ணின் கடை அதே வரிசையில்தான் இருந்தது. மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். பால்பவுடர் டப்பா போய், பழைய மின்மீட்டர் பெட்டிகளைச் சின்ன நகைப்பெட்டிகளாக மாற்றியிருந்தார்.

"வாங்க மதினி. பயம் கொறஞ்சிருக்கா, கூடியிருக்கா?"

"அப்படியேதான் இருக்கு."

"அதான பாத்தேன்."

இளையவள் ஒரு பெட்டியை எடுத்தாள். "எனக்கு வேணும்" என்றாள். பூட்டில் அதே ஐந்து இதழ்ப் பூ. பலகை மேல் அவள் கை நீண்டபோது நான் மணிக்கட்டைத்தான் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. பல வருடமாக ஒன்றும் இல்லை.

"மூணு வாட்டி திறந்து காட்டணும் பாப்பா. தெரியுமா?" என்றார் அவர். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "மதினி, நீங்க செத்த நேரம் பொம்மைக் கடைக்குப் போயிட்டு வாங்க."

நான் நகரவில்லை. பெரியவள் என் தோளை விட உயரமாக வளர்ந்திருந்தாள். "போம்மா, நான் இருக்கேன்ல" என்றாள்.

போனேன். இரண்டு கடை தள்ளித்தான். சின்னாளபட்டிப் பெண்ணின் பலகையில் பொம்மைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று ஒரு பொம்மையை எடுத்து வைத்துக்கொண்டேன். கூட்டச் சத்தத்தில் எதுவும் கேட்காது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தச் சத்தம் எனக்கு எங்கே இருந்தாலும் கேட்கும். முதல் டக். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, தவறாகச் சுற்றியிருப்பாள். இரண்டாவது டக்.

"அக்கா" என்றார் பொம்மைக் கடைக்காரர். "அந்தக் கையி இப்பத்தான் தச்சது. அம்புட்டு இறுக்கிப் பிடிச்சா பிஞ்சிரும்."

பார்த்தேன். பொம்மையின் கை என் நான்கு விரலுக்குள் நசுங்கியிருந்தது. விரலை ஒவ்வொன்றாக எடுத்தேன். பொம்மையை மறுபடி வரிசையில் உட்கார வைத்துவிட்டு, மூன்றாவது சத்தத்துக்காகச் சும்மா நின்றேன்.